வேடியப்பனின் வலது பாதம்

“மூணாவது டப்பாவையும் தொறங்க சார்.”

மூன்றாவது டப்பாவில் தயிர்சாதம்தான் இருந்தது என்று கங்கப்பனுக்குக் காலையிலேயே தெரியும். உள்ளே வரும்போதும் அவர்தான் திறந்து பார்த்தார். இப்போது காலி டப்பாவை வெளிச்சத்தில் திருப்பி, அடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “போங்க” என்றார். ஓசூர் சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலை கேட்டில் பதினெட்டு வருடமாகக் காவலுக்கு இருக்கிறார். நான் டெஸ்பாட்ச் பிரிவில் பதினோரு வருடம். என் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஆள் குள்ளம், பார்வை மட்டும் நீளம். “சிரிச்சுக்கிட்டே வர்றவன் பைய ரெண்டு தடவ பாக்கணும்” என்பார். குடை வைத்திருந்தால் விரித்துக் காட்ட வேண்டும். லாரி டிரைவர்களிடம் ஒரே கேள்வியைக் கன்னடத்தில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை கேட்பார்; இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால்தான் லாரி நகரும். டீயைக்கூடத் தன் கண் முன்னால் ஆற்றினால்தான் குடிப்பார். ஒரு போல்ட் வெளியே போவதானாலும் கேட் பாஸ் வேண்டும், மூன்று பிரதிகளோடு. அந்தப் பாஸில் இரண்டு கட்டங்கள் உண்டு: பொருள் திரும்ப வரும், அல்லது திரும்ப வராது. இரண்டில் ஒன்றில் டிக் அடிக்காத பாஸை மானேஜரே நீட்டினாலும் வாங்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, “டில்லிக்கு மியூசியம் பாக்கப் போறேன் சார்” என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒகேனக்கல்லுக்கே போகாத ஆள்.

விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. பர்கூர் பக்கம் அவர்கள் நிலத்தில் ஒரு நடுகல் இருந்திருக்கிறது. கையில் வில்லோடு நிற்கும் வீரன். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போல இவர்களும் அதை வேடியப்பன் என்று கும்பிட்டு வந்தார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ரோட்டை அகலப்படுத்தியபோது நிலத்தில் பாதி போனது. கல்லைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி ஜீப்பில் சிலர் வந்தார்கள். நீட்டிய காகிதத்தில் கங்கப்பன் கையெழுத்துப் போட்டார். பிரதி கேட்கவில்லை. எந்த ஆபீஸ் என்றுகூடக் கேட்கவில்லை. கயிறு கட்டித் தூக்கும்போது அடி உடைந்து, வீரனின் வலது பாதம் மட்டும் மண்ணிலேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் கல் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. தம்பி சாமியை விற்றுவிட்டான் என்று அவருடைய அக்கா நஞ்சம்மா முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து தம்பி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. கங்கப்பனின் மகள் ஹரிணியின் மஞ்சள் நீராட்டுக்கு வந்தவர் பந்தல் வாசலோடு திரும்பிப் போனார். மிஞ்சிய பாதத்தைத் தன் வீட்டில் வைத்து விளக்கேற்றுகிறார். மீதி நிலமும் கைவிட்டுப் போன பிறகுதான் கங்கப்பன் இந்த வேலைக்கு வந்தார். பதினோரு வருடமாக என் டப்பாவைத் தட்டும் விரல் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது.

போன மாதம் ஹரிணி போனில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறாள். டில்லியில் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்ற அட்டைக்குப் பக்கத்தில் வில் பிடித்த வீரன். வேறொருவராக இருந்தால் ஆனந்தக் கூத்தாடியிருப்பார். கங்கப்பன் படத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். “காலப் பாருங்க சார்.”

கல்லின் அடிப்பாகம் மரப்பீடத்துக்குள் மறைந்திருந்தது.

“மொகத்தக் காட்டறான், வில்லக் காட்டறான். கால மட்டும் என்னாத்துக்கு மறைக்கறான்?”

“கல்லு நிக்கணும்ல? அதுக்காக இருக்கும்.”

“அதத்தான் அவனும் சொல்லுவான்.”

ஹரிணி அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தால் பீடத்தைக் கழற்றிக் காட்டுகிறோம், உடைந்த துண்டு பொருந்தினால் கல்லோடு சேர்த்தே வைக்கலாம் என்று பதில் வந்தது. அவ்வளவு மரியாதையாகப் பதில் வந்ததே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. அசெம்பிளி பிரிவில் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவரைப் பிடித்து, அந்த நம்பருக்கு மூன்று நாள் மூன்று வேறு நேரத்தில் இந்தியில் பேச வைத்தார். மூன்று பதிலும் ஒன்றாகவே இருந்தன. திங்கட்கிழமை விடுமுறை என்று மூன்றாவது நாள் கூடுதலாக ஒரு செய்தி கிடைத்ததும் முகம் கறுத்தது. “நான் செவ்வாக்கெழம வர்றேன்னு அவனுக்குத் தெரியும். திங்கக்கெழம பூட்டிக்கிட்டு உள்ள என்ன சார் பண்ணுவான்?”

பாதத்தை வாங்க அக்கா வீட்டுக்குப் போன கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நஞ்சம்மா வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார்.

“இத்தையும் வித்துப்புட்டு வரப் போறியா?”

“இல்லக்கா. அது நம்ம கல்லுதான்னா இதையும் அங்கயே சேத்துட்டு வந்தர்றேன். இல்லேன்னா திரும்ப எடுத்தாறேன்.”

“வெறுங்கையோட வந்து நின்னீன்னா நான் எத்த நம்பறது?”

“நீயும் வாக்கா. டிக்கெட் போடறேன்.”

“எனக்கு எதுக்குடா டில்லி? போய்ட்டு நேரா இங்க வா. உன் மொகத்தப் பாத்தா எனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு உள்ளே போய், மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்து கொடுத்தாராம். கேட்டுக்கொண்டிருந்த நான் என் டீயை அவர் பக்கம் நகர்த்தினேன். கங்கப்பன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நேற்று சனிக்கிழமை. டூட்டி முடிந்ததும் அப்படியே பஸ் பிடித்துப் பெங்களூர் போய் ரயிலேறுவதாகத் திட்டம். மூன்று மணிக்கு நான் கேட்டுக்கு வந்தபோது, யூனிபார்மை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். மேஜையில் அடுத்த ஷிப்ட் செக்யூரிட்டி ரூபா. பையை அவள் முன்னால் வைத்து, எல்லா ஜிப்பையும் தானே திறந்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“செக் பண்ணும்மா.”

“உங்க பையவா? போங்கண்ணா.”

“பண்ணு.”

ரூபா வேட்டி, சட்டை, பிளாஸ்க், அருங்காட்சியகக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். அடியில் இருந்த மஞ்சள் துணியைப் பிரித்தாள். ஒரு சாண் நீளக் கல். ஐந்து விரல்களும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தன. கங்கப்பன் கேட் பாஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“சொந்தக் கல்லுக்கு எதுக்குண்ணா பாஸு?”

“போன தடவ காகிதம் இல்லாமப் போச்சு.”

கொட்டை எழுத்தில் எழுதினார்: கருங்கல், பாதம், ஒன்று. கட்டங்களுக்கு வந்ததும் பேனா நின்றது. எங்களுக்குப் பின்னால் வரிசை கேண்டீன் வரை நீண்டுவிட்டது, யாரோ விசிலடித்தார்கள். ‘திரும்ப வரும்’ என்ற கட்டத்தின் மேல் பேனா முனை வெகுநேரம் இருந்து, ஒரு புள்ளிகூட விழுந்துவிட்டது. பிறகு முனை கீழே இறங்கியது. ‘திரும்ப வராது’ என்பதில் அழுத்தி டிக் அடித்தார். மஞ்சள் பிரதியைக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தடவை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டார்.