வெள்ளைச் சட்டையில் ஒரு மஞ்சள் பொட்டு

மெல்பேர்னில், டண்டினொங் கடையில் மஞ்சள்தூள் பக்கற்றைக் கையில் எடுத்தாலே எனக்குப் புதுத்துணி மணக்கும். கூடவே உப்புக்காற்றும், வெட்டிய புல்லும், ஒரு சின்னத் தீவு நாட்டின் விளையாட்டு மைதானமும் வந்துவிடும்.

சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளேயான அந்தப் பசிபிக் நாட்டில் அப்பா ஒப்பந்தத்தில் போய்க் கணித ஆசிரியராக இருந்தார். அயல் தீவுகளெல்லாம் கூடும் விளையாட்டு விழாவை முதன்முறையாகத் தாங்களே நடத்தப்போகிறோம் என்று ஊரே தலைகால் புரியாமல் திரிந்தது. தொடக்க நாளன்று எங்கள் பள்ளிச் சிறுமிகள் நாட்டுக்கொடிக்குப் பின்னால் நடக்கவேண்டும். "நீ வெளிநாட்டுப் பிள்ளை, உனக்கென்ன?" என்று கூடப்படித்தவர்கள் கேட்க, நான் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினேன். எனக்கு அதைத் தவிர வேறு ஊர் நினைவே இல்லையே! அம்மா மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் தானே சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே என்னையும் சேர்த்துக்கொண்டார்.

கதிரை, மேசை, கட்டில் எங்கும் வெள்ளைச் சட்டைகள். கடைசிச் சட்டையையும் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி மடித்ததும் அம்மா குசினி அடுப்படிக்குப் போய் மஞ்சளைக் குழைத்து வந்து, ஒவ்வொன்றின் முன்கரையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் மஞ்சள் தொடாமல் யாரும் புதுத்துணி உடுத்ததில்லை. கை தன்பாட்டில் செய்துவிட்டது.

"இஞ்சரும், என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறீர்? விடிஞ்சா விழா!" என்று அப்பா ஒரு சட்டையைப் பறித்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை, சிவந்துபோனது. "ஐயோ, இரத்தம் மாதிரிக் கிடக்கே!" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். இனி என்னை நடக்க விடுவார்களா?

பின்னேரம் சட்டைகளை வாங்கிப்போகத் தலைமையாசிரியை வந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

அம்மா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். தலைமையாசிரியை அதைக் காதில் வாங்கவில்லை. "எங்கள் தீவில் விழாவுக்கு இறங்கும் பிள்ளைக்கு மஞ்சள் பூசாமல் அனுப்பமாட்டோம். இந்தப் பரபரப்பில் மறந்தே போனோம்!" என்று கிண்ணத்தில் மிஞ்சியதை வழித்து என் கன்னத்தில் தடவினார். மறுநாள் மைதான வாசலில், "உனக்கென்ன?" என்று கேட்டவர்களே மஞ்சள் கிண்ணத்தோடு நின்ற அம்மாவுக்கு முன் வரிசையில் நின்று கன்னத்தை நீட்டினார்கள். சிவப்புக்கறைச் சட்டை எனக்குத்தான் வந்தது. நான் அதைப் பெருமையாகவே போட்டேன்.

அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து மெல்பேர்னுக்கு வந்தோம். அந்த மைதானத்தைப் புயல் கொண்டுபோய்விட்டதாம். அம்மாவும் இப்போது இல்லை. போன மாதம் தொலைக்காட்சியில் ஏதோவொரு விளையாட்டு விழாவில் அந்த நாட்டுக் கொடி வந்தபோது, சமைத்துக்கொண்டிருந்த கையோடு அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.

"அம்மா, அது எங்கள் நாடா?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.