டோக்கன் இல்லாத ஆணி

ஆம்பூரில் ஷூ தைக்கும் கம்பெனியில் நான் சேர்ந்தபோது எங்கள் லைனில் நாற்பது பெண்கள். கழிவறைக்குப் போக இரண்டே டோக்கன். துண்டுத் தோலில் துளை போட்டு, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஆணி காலியாக இருந்தால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் எனக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்தது.

ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் ஆடிட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். தொழிலாளர் உரிமை எல்லாம் பார்ப்பாராம். முந்தின நாள் சூப்பர்வைசர் எங்களை நிற்கவைத்து வகுப்பே எடுத்தார்.

“நம்ம வூட்டு சங்கதிய வெளியாளுங்ககிட்ட சொல்லாதீங்க. ஆர்டர் போச்சுன்னா வேல போச்சு. நம்ம நாட்டுல இன்னா செய்யணும்னு சொல்ல அவங்க யாரு?”

அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் டோக்கன்களை ஒளித்துவிட்டார்கள். இன்று கேட்காமலே போகலாம் என்று எங்களிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். அந்த அம்மாள் எங்கள் லைனில் நிற்கும்போதுதானா எனக்கு அவசரம் வர வேண்டும்? பழக்கதோஷம், நேராக ஆணியிடம் போய், “சார், டோக்கன் எங்க சார்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

அந்த அம்மாளோடு வந்த மொழிபெயர்ப்புப் பெண் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். “இன்னா டோக்கன்க்கா அது?” என்று என்னிடம் கேட்டாள். சூப்பர்வைசர் கண்ணாலேயே கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவஸ்தை என்னுடையதாயிற்றே! நீர்க்கடுப்பு உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கூடவே சுற்றிக்காட்ட வந்திருந்த முதலாளி சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம், “இது எங்க ஊரு வழக்கம். உங்க நாட்டு ரூல் எல்லாம் இங்க சரிப்படாதுன்னு சொல்லும்மா” என்றார். அந்த அம்மாள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். நம் அரசாங்கத்தின் தொழிற்சாலைச் சட்டம், நல்ல தமிழில். மொழிபெயர்ப்புப் பெண் உரக்கப் படித்தாள். வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் கழிவறைக்குப் போக வழி இருக்க வேண்டுமாம். பத்தாவது படித்தவள் நான். தினமும் அந்தத் தாளுக்குக் கீழேதான் டிபன் பாக்ஸை வைப்பேன், ஒருநாளும் நிமிர்ந்து படித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட சந்தோஷம் ஜாஸ்தி. யாரும் போட்ட பிச்சையில்லை, நம்முடையதுதான்.

ஆர்டர் போகவில்லை, டோக்கன்தான் போனது. மறுநாள் எல்லோரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தோம். பதினோரு மணிக்கு நான் எழுந்து, யாரையும் கேட்காமல், சூப்பர்வைசர் கண்ணெதிரே நடந்து போனேன். அவசரமே இல்லை. சும்மாதான் போனேன்.