இழுக்காத டிவி

எங்கள் வீட்டு டிவி தொட்டால் இழுக்கும். பின்பக்கம் புடைத்த பழைய டிவி. அது ஓடும்போது கண்ணாடிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் கையிலுள்ள மயிரெல்லாம் எழும்பி நிற்கும். தொட்டால் சடசட என்று சத்தம் வரும். எனக்கு அது விளையாட்டு.

அம்மாவுக்கு அது பரிசுத்த ஆவி.

அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் வருகிற ஹாபரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பூசைக்குப் போவோம். அந்த வருடம் அம்மாவுக்கு இடது கமக்கட்டுக்குக் கீழே மார்போரமாக ஒரு கட்டி வந்தது. என் கையைப் பிடித்து அதில் வைத்து, "தெரியுதா மகள்?" என்று கேட்டார். தெரிந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். ஆஸ்பத்திரியில் காட்டியபோது, சதை எடுத்துப் பார்க்க வேண்டும், திரும்ப வாருங்கள் என்றார்கள். அம்மா போகவில்லை. கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பின்னேரங்களில் கேபிளில் ஒரு போதகர் வருவார். இந்தியாக்காரர். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை நோயுள்ள இடத்திலும் மற்றக் கையை டிவியிலும் வைக்கச் சொல்வார். அம்மா ஒருநாள் வைத்தார். அதற்கு முன் ஓடுகிற டிவியை அவர் தொட்டதே இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் துடைப்பார்.

இழுத்தது. அம்மா அப்படியே முழந்தாளில் இருந்துவிட்டார்.

நான் தொட்டாலும் இழுக்கும் என்று சொன்னேன். "நீ சின்னப்பிள்ளை. உனக்கு என்ன பாவம் இருக்கு? உனக்கும் தருவார்தானே" என்றார்.

பிறகு பக்கத்து வீட்டு அக்காவும் முன்வீட்டு மாமியும் வரத் தொடங்கினார்கள். வீட்டுக்காரி என்பதால் அம்மா முதலில் கை வைப்பார். பிறகு அவர்கள் வைப்பார்கள். முதலில் தொடுகிறவருக்குத்தான் நன்றாக இழுக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம்தான். அம்மாவுக்கு விசுவாசம் கூட என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

ஒருநாள் அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"டிவி என்ன ஓடப் போகுதா? மூண்டு பேர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்!"

அவர்கள் போன பிறகு சொன்னார். "அது கரண்ட். எர்த் சரியில்ல. நாளைக்கு வயரிங் செய்யிற பாஸைக் கூட்டிவந்து காட்டுறன்."

"ஆண்டவருக்கு எர்த் குடுக்கப் பாக்கிறியளோ?" என்றார் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிக்காமல், "ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அம்மா டிவியை நிறுத்திவிட்டுத் துடைக்கத் தொடங்கினார். அப்பா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சுவாமியைக் கூட்டி வந்தார். சுவாமி தேத்தண்ணீர் குடித்தார். "ஜெபிக்கிறதை ஜெபியுங்க. ஆஸ்பத்திரிக்கும் போங்க அம்மா" என்றார். அம்மா தலையாட்டினார். போகவில்லை. ஒவ்வொரு நாளும் கைக்கு வருகிற ஒன்றை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு இத்தாலியிலிருந்து அம்மாவின் தம்பி வந்தார். மாமா வரும்போது தட்டை டிவி ஒன்று கொண்டுவந்தார். சுவரில் மாட்டினார். பழையதைப் போத்தல் பேப்பர்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அம்மா அப்போது சந்தைக்குப் போயிருந்தார். மாமா அவருக்கு அது சந்தோஷமாக இருக்கும் என்றுதான் செய்தார். எனக்கும் சந்தோஷம். கார்ட்டூன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

பின்னேரம் அம்மா முகம் கழுவி, முக்காடு போட்டு, கையை வைத்தார். ஜெபம் முடிந்து சவர்க்கார விளம்பரம் வந்தது. கையை எடுக்கவில்லை.

"ஈரக் கையோ அக்கா? துடைச்சுப்போட்டு வையுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பிறகு அவர் வைத்தார். மாமி வைத்தார். சடசட என்ற சத்தம் ஒருவருக்கும் வரவில்லை. மாமி வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எழும்பிப் போனார்.

அடுத்த நாளிலிருந்து அம்மா உபவாசம் இருந்தார். கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து வைத்தார். தன்னோடு கதைக்காமல் இருந்த பெரியம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, வந்து வைத்தார். பழைய டிவியைத் திருப்பி வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். போத்தல் பேப்பர்காரன் அதை உடைத்துச் செம்புக்கம்பியை உருவி எடுத்திருந்தான். வந்து சொன்னேன்.

அம்மா என்னைக் கூப்பிட்டார். "நீ வை மகள்."

வைத்தேன்.

"என்ன செய்யுது?"

"ஒண்டும் இல்லம்மா. இது இழுக்காது. நல்ல டிவி."

அம்மா நிலத்தில் இருந்தார். அப்பா வரும்வரை விளக்குப் போடவில்லை. அப்பா வந்ததும், "நாளைக்குக் கூட்டிக்கொண்டு போங்க" என்றார். எங்கே என்று அப்பா கேட்கவில்லை. புது டிவி வந்ததே நல்லது, இவளுக்குப் புத்தி வந்தது என்று மாமாவிடம் சொன்னார்.

டாக்டர் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். கட்டி அப்போது வெடித்திருந்தது.

தவக்காலம் தொடங்கியபோது அம்மா வீட்டில் கிடந்தார். செபமாலையைத் தலையணைக்குக் கீழே வைத்தோம். அவர் எடுக்கவில்லை. டிவியும் போடச் சொல்லவில்லை. சுத்தமாகக் கதைப்பதை விட்டுவிட்டார். நோவுதா என்று கேட்டால் மட்டும் "ஓம்" என்பார்.

கடைசியில் சுவாமி அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்தார். நெற்றியில் எண்ணெய் பூசினார். கைகளை விரிக்கச் சொல்லி உள்ளங்கைகளில் பூசினார். ஜெபம் முடிந்து சுவாமி வெளியே போய் அப்பாவுடன் மெதுவாகக் கதைத்தார்.

அம்மா கையை மூடவில்லை. டிவியில் வைத்த அந்த உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி கிடந்தார். கையைக் கீழே விடவில்லை. எண்ணெய் காயட்டும் என்றுதான் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து, காயட்டும் என்று ஊதிவிட்டேன்.