அருளப்பன் அண்ணன் எழுதிய பசுக்கள்

போன வெள்ளிக்கிழமை கடையில் தைத்துக்கொண்டிருந்தேன். அருளப்பன் அண்ணன் மனைவி மேரி அண்ணியின் தம்பி வந்து சைக்கிளை நிறுத்தி, "அருளப்பன் மாமா செத்துப் பூட்டாரும்மா" என்றார். சேரப்பணஞ்சேரி அருளப்பன் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். பஜனை கோயில் திரைச்சீலைகளில் கண்ணனையும் பசுக்களையும் சாயத்தால் எழுதியவர். அந்தத் துணிகளுக்கு ஓரம் தைத்தவள் நான்.

மாடு மேய்ந்த மேய்க்கால் நிலத்தையெல்லாம் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர்க்காரர்கள் திரையில் பெரிய மந்தையாக எழுதச் சொன்னார்கள். "மாட்ட வித்துட்டு எங்கிட்ட மாடு கேக்குறானுங்க தங்கச்சி. நான் இன்னா, சந்தையா நடத்துறேன்?" என்றார் அண்ணன். ஆனாலும் ஆசையாக எழுதினார்.

திரையைக் கோயிலில் மாட்டிய பிறகுதான் பசுக்களுக்குக் கண் எழுதுவது வழக்கம். இந்தக் கோகுலாஷ்டமிக்கும் அண்ணன் வந்து எழுதினார். "பிசின் சாயம், தண்ணி படாம பாத்துக்கங்க" என்று புது நிர்வாகி கோதண்டத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் படியிறங்கியதும் கோதண்டம் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை வாரி இறைத்தார். சேரிக்காரர், அதிலும் கிறிஸ்தவர், உள்ளே வந்துவிட்டாராம். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷத்திலும் தீட்டு! திரை நனைந்து பசுக்களின் வெள்ளையெல்லாம் கண்ணன் மேல் ஒழுகியது. சீ!

"மட்டமான சாயத்தப் போட்டு ஏமாத்திட்டான்பா" என்று கோதண்டம் ஊரெல்லாம் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். நடந்ததைச் சொன்னால், "உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?" என்றார்கள். தண்டலத்தில் அண்ணனுக்குப் பேசியிருந்த திரை வேலையும் போயிற்று. "வேல போனா போவுது தங்கச்சி. ஏமாத்துக்காரன்னுட்டானே" என்று அண்ணன் புலம்பாத நாளில்லை. தன் சாயம் நல்ல சாயம் என்று காட்ட, யாரும் கேட்காமலே இன்னொரு திரை எழுதி என்னிடம் ஓரம் தைக்கக் கொடுத்திருந்தார். அதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

அடக்கத்துக்குக் கோதண்டம் ரோஜா மாலையோடு வந்தார். "மகா கலைஞன்" என்று கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? பெட்டியை இறக்கிய கையோடு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கடைசியா எழுதுன துணி உங்கிட்டதான கீது? மார்கழி பஜனைக்கு வோணும், குடும்மா. மாட்டுக்குக் கண்ண நாங்களே எழுதிக்கிறோம்" என்றார். மனுஷனா இவர்?

தர மாட்டேன் என்றேன். மேரி அண்ணியும், "நீயே வெச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டார். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் திரைதான். கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பசுக்களுக்குக் கண் இல்லை. இருக்கட்டும். கோதண்டத்தின் முகத்தை அவையாவது பார்க்காமல் இருக்கட்டும்.