பிளேன்டீ நிறத்தில் ஒரு மருந்து

ஏழு மாதக் கர்ப்பத்தில் எனக்கு இரத்தம் குறைவு என்று கேகாலை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அது பால் விடாத பிளேன்டீ நிறத்தில் இருந்தது.

"இரும்புச்சத்துங்க, தண்ணியில கரைச்சிருக்கு," என்றார் தாதி.

இரும்பு தண்ணீரில் கரையுமா? ரப்பர் பால் வெட்டும் என் கத்தி துருப்பிடிக்கும். கரைந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்து ஆள்தானே என்று எதையோ ஏற்றுகிறார்கள் என நினைத்தேன். தாதி நகர்ந்ததும் குழாயை மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்ணுக்கும் அதே மருந்துதான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒண்ணும் செய்யலியே, நங்கி?" என்று தங்கையை அழைப்பதுபோல் சிங்களத்தில் கேட்டாள்.

"இன்னும் உள்ள விடவே இல்லையே, அக்கே."

அவள் போர்வையை விலக்கினாள். அவள் கையும் குழாயை மடித்துப் பிடித்திருந்தது.

சிரிப்பில் இருவர் பிடியும் தளர்ந்தது. தாதி சொல்லி நம்பாத நான், தோட்டத்து ஆளென்று எனக்கு மட்டும் எதையும் ஏற்றவில்லை என்பதை என்னைப் போலவே பயந்தவளைப் பார்த்துத்தான் நம்பினேன்.