மலைக்கு வைத்த குங்குமம்

திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்கு எதிரே, பூக்கடை ஓரத்தில் உட்கார்ந்து அஞ்சலட்டையில் மலையைத் தீட்டுகிறேன். நாலு வரி எழுதினாலே எனக்குக் கை வலிக்கும். அதனால் போகிற ஊரின் வானத்தைத் தண்ணீர் வர்ணத்தில் தீட்டி, பினாங்கிலிருக்கும் தங்கைக்கு அனுப்புவேன். அவள் பதில் போட்டு இரண்டு வருஷமாகிறது. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அக்கா நான்.

வெயில் அடித்த இடத்தில் இப்போது கருமேகம் ஏறுகிறது. உச்சியை மூடுவதற்குள் முடிக்க வேண்டும். பூக்காரி, பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர்ச் செம்பைக் கேட்காமலே என் பக்கம் நகர்த்துகிறாள். எட்டியும் பார்க்கிறாள்.

"நம்ம மலையாம்மா? சாமியாச்சே, வெறும் நெத்தியா வுட்டுட்டீங்களே!"

நான் தடுப்பதற்குள் தன் தட்டிலிருந்த குங்குமத்தை உச்சியில் வைத்துவிடுகிறாள். ஈரத்தில் அந்தச் சிவப்பு, படத்து மேகமெங்கும் பரவுகிறது.

"கெடுத்துட்டியேடி! இன்னும் காயவே இல்ல."

"ஐயோ, ஈரம்னு தெரிலீங்க. வேற ஒண்ணு போட்டுடுங்களேன்."

நிமிர்ந்து பார்க்கிறேன். மலை முழுக்க மறைந்துவிட்டது. தூறல் விழுகிறது.

அட்டையை முந்தானைக்குள் மூடிக்கொள்கிறேன். என் படத்தில் இன்னொருவர் கை படுவது இதுதான் முதல் தடவை. பின்பக்கம் எப்போதும் விலாசமும் ஊர்ப் பெயரும் மட்டும் போடுவேன். இன்று கூடவே ஒரு வார்த்தையும் எழுதுகிறேன்: சௌக்கியமா?