பாதையில் மட்டும் கசிந்த பெற்றோல்

செய்தி தண்ணீருக்கு மேலால்தான் வந்தது. நான் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு வலையால் இறால் வடித்துக்கொண்டிருந்தேன். குருமண்வெளிப் பக்கமிருந்து பாதை மிதந்து வந்தது. இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த எங்கள் பாதையைத்தான் சொல்கிறேன். அதை ஊன்றிவருகிற கணவதி அண்ணன் பாதி வழியில் கோலை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி! காத்தான்குடி ஆதங்காக்கா மௌத்தாம். விடியக்குள்ள உசிர் போயிட்டாம்."

காற்று இல்லாத காலை. சொல் ஒவ்வொன்றாக நீரில் நடந்து வந்ததுபோல இருந்தது. "ஓம் அண்ண" என்று மட்டும் சொன்னேன். அத்தாங்கைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருந்த இறால் எல்லாம் போய்விட்டிருந்தது. எப்போது கையைச் சரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாசிகசாலையில் அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். வாசிப்பதற்கு நானும் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கார் திருத்தியவர்கள், லொறி திருத்தியவர்கள் எல்லாரும் அங்கே இருப்பீர்கள். உங்களுக்கு அவருடைய கை தெரியும். எனக்கு அவருடைய காது தெரியும்.

தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து மோட்டாருக்கு வந்தவர் அவர். காருக்குக் கீழே மல்லாந்து படுத்தால் பேச்சே வராது. அறுந்த நூலைத் தேடுகிறவர் போல ஒவ்வொரு குழாயாகக் கண்ணால் தொட்டுக்கொண்டு போவார். ஒருநாள் எங்கள் ஊரில் வயலும் காரும் உள்ள போடியார் வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "காக்கா உறங்கிட்டாரோ?" என்று கேட்டார். காருக்குக் கீழிருந்து குரல் வந்தது: "இல்லம்மா, கார்தான் உறங்குது. எழுப்பாமப் பாக்கிறன்."

நான் சொல்லவேண்டியது சண்டைக் காலத்தில் நடந்தது. பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். என் கணவர் சின்னத்தம்பி மண்டூரில் அந்தப் போடியாரின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். பல கை மாறி வந்த பழைய கார். பெற்றோல் தாங்கி அதற்குப் பின்பக்கத்தில் இருந்தது. காலையில் பாதையேறி அக்கரைக்குப் போய், களுவாஞ்சிக்குடியில் தாங்கியை நிரப்பிக்கொண்டு, மத்தியானம் பாதையில் திரும்பி வருவார். வந்தவுடன் போடியார் தாங்கிக்குள் ஒரு கம்பை விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். வரும் வழியில் எரிகிறதைக் கழித்துக் கம்பில் கத்தியால் கீறிய அடையாளம் இருந்தது. மூன்று தரம் நிரப்பினார். மூன்று தரமும் அடையாளத்துக்கு இரண்டு விரல் குறைந்தது.

"சின்னத்தம்பி, பெற்றோலுக்குக் கால் இரிக்காடா?"

"இல்லப் போடியார்."

"அப்ப ஆர்ட காலில போகுது?"

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்து, "நான் எடுக்கல்ல" என்று என் கணவர் சத்தியம் பண்ணவேண்டும். என் கணவர் எடுக்காதவர். சத்தியத்துக்குப் பயமில்லை. ஆனால் சத்தியம் கேட்கப்பட்டவன் என்ற பெயர் அணைத்த கற்பூரத்தோடு போய்விடாது. அதற்குப் பிறகு வேறு எந்தப் போடியாரும் அவரிடம் சாவியைக் கொடுக்கமாட்டார். அவர் அந்த வாரம் முழுவதும் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினார்.

செவ்வாய்க்கிழமை ஆதங்காக்காவைக் கூப்பிட்டார்கள். வேலைக்கென்று வேறு உடுப்புப் போடாமல், இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரத்தோடேயே பஸ்ஸில் வந்து இறங்கினார். அடுப்புச் சாம்பலைத் துணியில் அரித்து எடுத்து, தாங்கியிலிருந்து எஞ்சின்வரை குழாய் முழுவதும் பூசினார். பெற்றோல் கசிந்தால் சாம்பலில் கறுப்பாகக் கோடு விழும். கார் நெல் போடுகிற களத்தில், சமநிலத்தில் நின்றது. அடுத்த நாள் வந்து பார்த்தார். சாம்பல் பூசியபடியே இருந்தது. ஒரு கோடும் இல்லை.

"கண்டியளா?" என்றார் போடியார். "கார் நல்ல கார்."

எனக்கு ஒரு விசயம் தெரிந்திருந்தது. அதை யாரும் காதில் எடுக்கவில்லை. அந்த நாட்களில் என் இறால் கறியில் எண்ணெய் மணம் வந்தது. உள்ளியும் மிளகும் எவ்வளவு போட்டாலும் அடியில் அந்த மணம் நின்றது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன கா, இறாலுக்கும் கார் வாங்கிக் குடுத்திரிக்கியா?" என்று கேட்டாள். பிறகு நான் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினேன். பாதை வந்துபோன வழியில் நிறம் மிதந்தது. மயில் கழுத்து நீலம், அதற்குள்ளே ஒரு செம்மை, அதற்குள்ளே மஞ்சள். நான் காலை அசைத்தால் நிறமும் அசைந்து என்னைச் சுற்றி விரியும். கெட்ட காலத்தில் கண்ட வடிவான கனவுபோல இருந்தது. துக்கத்தோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரிடம் சொன்னேன். "ஆர்ட லாம்பெண்ணெய் கொட்டிச்சோ, நீ சும்மா இரு" என்றார். போடியார் வீட்டு அடுக்களையில் சொன்னேன். "புருசனக் காப்பாத்த இறாலச் சாட்சிக்குக் கொண்டாறாள்" என்று சிரித்தார்கள்.

புதன்கிழமை என் கணவருக்குச் சோறு கொண்டுபோனபோது ஆதங்காக்கா களத்தின் ஓரத்தில் கையிலிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தள்ளி நின்று சொன்னேன்.

"எல்லாரும் சிரிச்ச கதைதான் காக்கா."

"சிரிச்சவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். நீ சொல்லு தங்கச்சி."

சொன்னேன். அவர் துடைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"கார் வரக்குள்ளயா, போகக்குள்ளயா?"

அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பதில் தெரியவேண்டும் என்பதற்காக என்னிடம் கேட்ட கேள்வி அது. நான் கண்ணை மூடி அந்தத் தண்ணீரை நினைத்துப் பார்த்தேன். காலையில் வெறும் தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. மத்தியானம் பாதை திரும்பிய பிறகுதான் அந்த நிறம்.

"வரக்குள்ள மட்டுந்தான் காக்கா."

"வரக்குள்ள பாதையில கார எங்க நிப்பாட்டுற?"

"பின்னுக்கு. மண்டூருக்கு வாற பாதையில முன்பக்கம் முருகனுக்கு. பூசைத் தட்டுக் கொண்டாற ஆக்கள்தான் நிப்பாங்க. வாகனம் நிக்கப்படாது. போகக்குள்ள நடுவுல நிப்பாட்டுவாங்க."

"அப்ப வரக்குள்ள பாதை பின்னால தாழுமே?"

"தாழும்."

அவர் மெதுவாகச் சிரித்தார். பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் வந்துபோகிறவர்கள் நாங்கள். கார் ஏன் பின்னுக்கு நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அதனாலேயே அது எங்கள் கண்ணில் படவில்லை. காத்தான்குடியிலிருந்து வந்தவருக்குக் கேட்கவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மிச்சமிருந்த கூப்பனுக்குத் தாங்கியை நிரப்பினார்கள். போடியாரையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தார் ஆதங்காக்கா. நான் இக்கரையில் தண்ணீரில் நின்றேன். பாதை வந்தது. வெயில் வாவி முழுவதும் உருகிக் கிடந்தது. எது வானம் எது தண்ணீர் என்று தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து பாதையும் காரும் மனிதர்களும் நிழல்போல வந்தார்கள். சுருட்டுப் பிடித்தவர்களிடம் அதை அணைக்கச் சொல்லியிருந்தார் ஆதங்காக்கா. அவர் பாதையின் கடைசிப் பலகையில் குப்புறப் படுத்து, தாங்கியின் மூட்டில் சாம்பல் பூசிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் பூசைத் தட்டுகள். பின்பக்கம் தாழ்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்தது.

நான் நின்ற இடத்துக்குக் கிட்ட வந்ததும், "கணவதி, நிப்பாட்டு" என்றார்.

கோல் நின்றது. பாதை தூங்குவதுபோல் நின்றது. தாங்கியின் மேல் மூட்டில், ஈயப் பற்று விட்டுப்போயிருந்த இடத்தில், மயிர் அளவு கறுப்புக் கோடு ஒன்று இறங்கியது. ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. விழுந்த இடத்தில் நிறம் பூப்போல விரிந்தது. சமநிலத்தில் நிற்கும்போது பெற்றோல் அந்தப் பிளவுக்கு எட்டாது. பின்பக்கம் சரியும்போதுதான் எட்டும். இரண்டு விரல் போனதும் தானாக நின்றுவிடும்.

போடியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப முருகனுக்கு முன்பக்கம் விட்டுத்தான் என்ட பெற்றோல் போயிரிக்கு" என்றார்.

படுத்தபடியே ஆதங்காக்கா சொன்னார்: "நாளைக்கு அவர்ட்டதான் சத்தியம் கேக்கணும் போடியார்."

பாதை குலுங்கச் சிரித்தார்கள். முதலில் சிரித்தது என் கணவர். அந்த வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சிரிப்பு. போடியார் அவர் தோளில் கையை வைத்தார். பிழை என்று வாயால் சொல்லவில்லை. அளக்கிற கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அப்போதைக்கு, கரையில் நான் வைத்திருந்த துணி தோய்க்கிற சவர்க்காரத்தை ஆதங்காக்கா வாங்கி, பிசைந்து, பிளவில் அப்பினார். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது என்று அன்றுதான் அறிந்தேன். "தங்கச்சி, உன்ட இறால் சொன்னது சரி" என்று பாதையில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

பிறகு தாங்கியைக் கழற்றி வெறுமையாக்கி, கொதிநீர் விட்டுக் கழுவி, மூன்று நாள் வெயிலில் வாய் திறந்து வைத்தார். போடியார் அவசரப்பட்டார். "பெற்றோல் போனாலும் அதிட மூச்சு உள்ள இரிக்கும் போடியார். நெருப்பக் கொண்டு போனா வெடிக்கும். அது மெல்ல மெல்ல, ஆறுதலாப் போகட்டும்" என்றார். நான்காம் நாள்தான் ஈயத்தைக் காய்ச்சி மூட்டை அடைத்தார்.

மௌத்துச் செய்தி கேட்ட அன்று நான் காத்தான்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. பெண்கள் இருந்த அறைக்குள் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்ட சாரத்தக் கழுவல்ல தங்கச்சி. மணம் போயிருமெண்டு" என்றார். மடியில் வைத்திருந்த சாரத்தை என் பக்கம் நீட்டினார். பெற்றோலும் சாம்பலும் மணத்தது. தாங்கியைக் காயவைத்தபோது ஆதங்காக்கா சொன்ன பேச்சு எனக்கு நினைவு வந்தது. அவர் மனைவியிடம் சொன்னேன். "ஆறுதலாப் போகட்டும், அக்கா. நாம அவசரப்படுத்தப்படாது."

நான் ஆதங்காக்காவிடமிருந்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். வீட்டில் ஒன்று காணாமல் போனாலும், ஒருவரை ஊர் பிழையாகப் பேசினாலும், வரக்குள்ளயா போகக்குள்ளயா என்று கேட்டுப் பார்க்கிறேன். கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவர் யாராக இருந்தாலும் காது கொடுக்கிறேன்.

அன்று பிற்பகல் மௌத்து வீட்டிலிருந்து நான் திரும்பி வந்த பாதையில் போடியாரின் அதே கார், என் கணவர் ஓட்டிவந்தது, தாங்கி நிறைய பெற்றோலோடு பின்பக்கத்தில் நின்றது. நான் கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தேன். பாதை தாழ்ந்து வந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒரு நிறமும் இல்லை. அக்கரை தொடங்கி இக்கரைவரை வெறும் தண்ணீர். அடியில் மணல் தெரிந்தது.